யோசனை சொன்னவருக்குப் பெயர் உண்டா?

கேள்வி: வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். 2019 கோடையில் சென்னை முழுவதும் தண்ணீர் லாரிக்காகக் காத்துக் கிடந்தபோது, எங்கள் வளாகத்தின் மூலையில் இருந்த பழைய கிணற்றை மண் கொட்டி மூடிவிட்டு, அங்கே கார் நிறுத்த இடம் செய்யலாம் என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. மழை பெய்த மறுநாளே அந்தக் கிணற்றில் நீர்மட்டம் ஏறுவதை நான் பல முறை பார்த்திருந்ததால், அதை மூடக் கூடாது, மொட்டை மாடியில் விழும் நீர் முழுவதையும் அதற்குள் விட வேண்டும் என்று சொன்னேன். அப்போது பொருளாளராக இருந்தவர் அதைக் கையில் எடுத்து, தூர் வாரி, குழாய் பதித்து, ஓராண்டுக்கு மேல் அலைந்து முடித்தார். இப்போது கிணற்றடியில் பதித்திருக்கும் கல்லில் அவர் பெயர் மட்டுமே இருக்கிறது. கேட்டால், “யோசனையை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், வேலை செய்தவன் நான்” என்கிறார். யோசனை சொன்னவருக்குப் பங்கே கிடையாதா?
— ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: யோசனையை யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது பல நேரங்களில் உண்மைதான். உங்கள் கிணற்றின் விஷயத்தில் அது உண்மையில்லை என்று கருதுகிறேன். ஆனால் அவர் பக்கத்து நியாயத்தையும் முதலில் முழுமையாகச் சொல்லிவிட வேண்டும்.

மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்று மட்டும் நீங்கள் கூட்டத்தில் பேசியிருந்தால், கல்லில் இடம் கேட்க உங்களுக்கு வழியே இருந்திருக்காது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு இருந்தாக வேண்டும் என்று 2003-லேயே சட்டத்தில் வந்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துச் சொல்வது நல்ல காரியம்தான். ஆனால் அதைச் சொன்னதற்காக, அதன் பிறகு நடந்த வேலையில் ஒருவர் பங்கு கோர முடியாது.

புதிய கருத்தாகவே இருந்தாலும் சொல்லிவிட்டால் போதுமா என்பதற்கு அறிவியல் வரலாற்றில் தெளிவான ஒரு வழக்கு இருக்கிறது. பேட்ரிக் மேத்யூ என்ற ஸ்காட்லாந்துக்காரர், கப்பல் கட்டும் மரங்களைப் பற்றி 1831-இல் எழுதிய நூலின் பின்னிணைப்பில், சூழலுக்குப் பொருந்தியவை பிழைத்து மற்றவை அழிவதால் உயிரினங்கள் மாறி வருகின்றன என்ற கருத்தை முன்வைத்தார். டார்வினின் நூல் 1859-இல் வெளியானதும், இதை முதலில் சொன்னவன் நானே என்று மறு ஆண்டே இதழ் ஒன்றில் எழுதி உரிமை கோரினார். டார்வின் அதை மறுக்கவில்லை. மேத்யூ தமக்கு முந்திவிட்டதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டதோடு, 1861-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அவர் பெயரையும் சேர்த்தார். இருந்தும் அந்தக் கொள்கை டார்வின் பெயரோடுதான் நிற்கிறது, அதில் அநியாயம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மேத்யூ அந்தக் கருத்தைச் சொல்லிவிட்டு வேறு வேலைகளுக்குப் போய்விட்டார். டார்வின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் புறா வளர்ப்பவர்களிடமும் தோட்டக்காரர்களிடமும் தகவல் திரட்டி, தம் கருத்துக்கு எதிராக எழக்கூடிய தடைகளைத் தாமே எழுப்பி, ஒவ்வொன்றுக்கும் விடை தேடினார்.

செய்வது என்பது வெறும் உடலுழைப்பு அன்று என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தூசியும் சருகும் கலந்து வரும் முதல் மழை நீரை எப்படி வெளியே திருப்புவது, வடிகட்டும் தொட்டியில் கூழாங்கல்லையும் மணலையும் எந்த அளவில் இடுவது, கழிவுநீர்த் தொட்டியிலிருந்து எவ்வளவு தள்ளிக் குழாயைக் கொண்டு போவது, பணம் தர மாட்டேன் என்று நிற்கும் வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்று உங்கள் பொருளாளர் அந்த ஓராண்டில் முடிவு செய்த ஒவ்வொன்றும் தனித்தனி யோசனைதான். அவற்றில் எதையும் நீங்கள் சொல்லவில்லை. ஆகவே பெரும்பங்கு அவருடையது என்பதில் ஐயம் வேண்டாம்.

ஆனால் நீங்கள் சொன்னது பொதுவான அறிவுரை அன்று. மற்றவர்கள் குப்பைக் குழியாகப் பார்த்த ஒன்றை மழை நாட்களில் எட்டிப் பார்த்து, அதில் நீர் விரைவாக ஏறுகிறது என்பதைக் கண்டு, அதனால் அதைச் சுற்றியுள்ள மண் இன்னும் நீரை உள்ளே விடுகிறது என்ற முடிவுக்கு வந்து, அதை மூட நினைத்த கூட்டத்தில் எழுந்து பேசியிருக்கிறீர்கள். அன்று நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் பொருளாளரின் உழைப்புக்கு ஒரு கிணறே இருந்திருக்காது. ஒரு யோசனைக்கு எவ்வளவு பங்கு என்று யாராவது கேட்டால் நான் பார்ப்பது இதைத்தான்: சொல்லி முடித்த பிறகு, கேட்டவர் தாமாகக் கண்டுபிடிக்க வேண்டியதாக என்ன மிச்சம் இருந்தது? எங்கே, எதனால் என்ற இரண்டையும் நீங்கள் கண்டுவிட்டீர்கள். எப்படி என்பதை அவர் கண்டார்.

வெறும் யோசனைக்கே பெயர் நிலைத்துவிட்ட எடுத்துக்காட்டும் நம் ஊரோடு தொடர்புள்ள ஒருவரிடமே இருக்கிறது. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து கேம்பிரிட்ஜ் சென்ற இராமானுஜன், 1916-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், டௌ என்று அழைக்கப்படும் கணிதச் சார்பின் முதல் 30 மதிப்புகளைக் கணக்கிட்டுப் பட்டியலிட்டு, அதற்கு மூன்று பண்புகள் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். முதல் இரண்டையும் மார்டெல் என்ற கணித அறிஞர் அடுத்த ஆண்டே நிறுவிவிட்டார். மூன்றாவது பண்பை நிறுவ 1974-இல் பியர் டெலீன் வரவேண்டியிருந்தது. அதற்குத் தேவைப்பட்ட கணிதத்தின் பெரும்பகுதி இராமானுஜன் காலத்தில் பிறக்கவே இல்லை. நிறுவியவரின் புகழில் யாரும் கை வைக்கவில்லை, அதே நேரத்தில் அந்தக் கூற்று இன்றும் இராமானுஜன் ஊகம் என்றே வழங்குகிறது. மேத்யூவுக்குக் கிடைக்காதது இவருக்குக் கிடைத்ததற்குக் காரணம், கணக்கிட்டுப் பார்த்த பிறகு சொன்னதும், தவறென்றால் எவரும் தவறென்று காட்டிவிடக்கூடிய அளவுக்குத் துல்லியமாகச் சொன்னதும்தான். உங்கள் கிணற்றை இராமானுஜனோடு ஒப்பிடுவதாக எண்ண வேண்டாம். ஆனால் பார்த்துச் சொல்வதற்கும் பொதுவாகச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இந்த இடத்தில் நம் இலக்கண நூலார் செய்து வைத்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு நூலுக்கு முன்னுரையாக அமையும் சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டிய எட்டுச் செய்திகளைப் பட்டியலிடும் நன்னூல், முதலில் ஆக்கியோன் பெயரையும் அதை அடுத்து வழியையும் வைக்கிறது. செய்தவர் யார் என்பது ஒரு செய்தி, அது எதிலிருந்து வந்தது என்பது வேறொரு செய்தி, இரண்டையும் சொல்லியாக வேண்டும் என்பது அதன் முறை. வழியைச் சொன்னதால் ஆக்கியோன் சிறுத்துப்போவதாக அந்த மரபில் யாரும் எண்ணவில்லை. உங்கள் வளாகத்துக் கல்லில் விடுபட்டிருப்பது அந்த இரண்டாவது செய்தி மட்டுமே.

எனவே பொருளாளரிடம் மீண்டும் பேசுங்கள். பங்கு வேண்டும் என்று கேட்காமல், ஒரு வரி வேண்டும் என்று கேளுங்கள். அன்றைய கூட்டக் குறிப்பேட்டில் நீங்கள் பேசியது பதிவாகியிருந்தால் அதை எடுத்துக்கொண்டு போங்கள். போவதற்கு முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளவும் வேண்டுகிறேன்: கிணற்றில் நீர் ஏறுவதை நீங்கள்தான் முதலில் கவனித்தீர்களா, அல்லது காவலாளியோ, தோட்ட வேலை செய்பவரோ பேச்சுவாக்கில் சொன்னதைக் கேட்டுப் பிறகு பார்த்தீர்களா? அப்படி இருந்தால் அந்த ஒரு வரியில் அவரும் இருக்க வேண்டும். கூட்டங்களில் பெண்கள் சொன்னதும், இளையவர்கள் சொன்னதும், சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் சொன்னதும் பத்து நிமிடத்தில் வேறொருவர் வாயிலிருந்து அவருடைய கருத்தாக வெளிவருவதை நம் குடியிருப்புச் சங்கங்களிலும் அலுவலகங்களிலும் நிறையவே காணலாம். இப்படி இரண்டு முறை நடந்தால் மூன்றாவது முறை அவர்கள் பேச மாட்டார்கள். இழப்பு அவர்களுக்கு மட்டும் அன்று.

கேள்வி: சென்னையில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தலைப்பைக் கொடுத்தவர் என் நெறியாளர். அதன் பிறகு சோதனைகள், கணக்கீடு, எழுத்து எல்லாம் நானே செய்தேன். கட்டுரையில் அவர் பெயர் முதலில் வர வேண்டும் என்கிறார். தலைப்புக் கொடுத்தால் போதுமா?
— ஆய்வு மாணவர், குரோம்பேட்டை

பதில்: போதாது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்துள்ள நெறிகளைப் பல துறையினரும் அளவுகோலாகக் கொள்கிறார்கள். அதன்படி ஒருவர் கட்டுரையாசிரியர் ஆவதற்கு நான்கு நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும். ஆய்வைக் கருக்கொண்டதிலோ வடிவமைத்ததிலோ தரவைத் திரட்டி ஆராய்ந்ததிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும் அல்லது கருத்தளவில் திருத்தியிருக்க வேண்டும். வெளியிடப்படும் இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அதில் உள்ளவற்றுக்குப் பொறுப்பேற்க வேண்டும். யோசனை இந்த நான்கில் முதலாவதற்குள் அடங்குகிறது, மற்ற மூன்றுக்கு அது ஈடாகாது. பொது மேற்பார்வை மட்டும் செய்தவர்களுக்கு நன்றியுரையில் இடம் உண்டு.

ஆனால் தலைப்புக் கொடுத்தார் என்று நீங்கள் ஒரே சொல்லில் முடித்துவிட்டதைச் சற்று விரித்துப் பாருங்கள். ஒரு பாடப்பகுதியின் பெயரைச் சொல்லி அனுப்பினாரா, அல்லது இன்ன கருவியால் இன்னதை அளந்தால் இன்ன விளைவு தெரியக்கூடும் என்று சொல்லி, தவறிய சோதனைகளில் பிழை எங்கே என்று காட்டி, எழுதியதைத் திருத்தினாரா? இரண்டாவது என்றால் கருவியைத் தொடாமலே அவர் ஆசிரியர்தான்.

சி.வி. இராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் 1928-இல் செய்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஒளிச்சிதறலை ஆண்டுக்கணக்காகத் துரத்திய திட்டம் இராமனுடையது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் கொல்கத்தாவில் நாள்தோறும் கண்ணால் பார்த்துச் சோதித்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணன். நேச்சர் இதழில் வந்த குறிப்பில் இருவர் பெயரும் இருந்தன. 1930-இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் போனது. இன்னொருவரும் இந்தக் கதையில் உண்டு: இப்படி நிறம் மாறிச் சிதறும் ஒளி இருக்கும் என்று 1923-லேயே கோட்பாட்டளவில் சொன்ன அடால்ஃப் ஸ்மேக்கல். விளைவைக் கண்ணெதிரே காட்டியவர் பெயரே, இராமன் விளைவு என்று, அதற்கு நின்றது. முன்கூட்டிச் சொன்னவர் பெயர் இயற்பியல் நூல்களில் குறிப்பாக இருக்கிறது. கிருஷ்ணனின் பங்கு இன்னும் உரக்கச் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பரிசு தருபவர்கள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டுரையில் பெயர் இடுபவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

உங்கள் நெறியாளருக்கு இரண்டாவது அல்லது கடைசி இடம் பொருத்தமாக இருக்கலாம். செய்து எழுதியவர் நீங்கள் என்றால் முதல் இடம் உங்களுடையது. துறைத்தலைவரிடம் போவதற்கு முன், யார் என்ன செய்தார் என்பதை ஒரு தாளில் எழுதி அவரிடமே காட்டிப் பேசிப் பாருங்கள்.

கேள்வி: உதவி இயக்குநராக இருக்கிறேன். நான் சொன்ன ஒன்லைனை, அதாவது ஒரு வரிக் கதைக்கருவை வைத்து வேறொருவர் படம் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். வழக்குப் போட முடியுமா?
— சாலிகிராமம் வாசகர்

பதில்: ஒன்லைன் மட்டும்தான் என்றால் பதிப்புரிமைச் சட்டம் உங்களுக்கு உதவாது. பஞ்சாபிக் குடும்பத்துக்கும் தமிழ்க் குடும்பத்துக்கும் இடையிலான காதலைச் சொன்ன ஒரு நாடகத்தின் ஆசிரியர் ஆர்.ஜி. ஆனந்த், அதே கருவில் 1956-இல் ஓர் இந்திப் படம் வந்தபோது தொடுத்த வழக்கில், கருத்துக்கும் கருப்பொருளுக்கும் கதைக்கருவுக்கும் பதிப்புரிமை இல்லை, அவற்றைச் சொல்லும் வடிவத்துக்கும் முறைக்கும்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பளித்தது. ஒரே கரு இருந்தும் அவர் தோற்றார். இந்தச் சட்டம் சரியென்றே நினைக்கிறேன். அண்ணன் தம்பி பகையை ஒருவர் சொந்தமாக்கிக்கொள்ள முடிந்தால் மற்றவர்கள் எதை எழுதுவது?

ஆனால் ஒரு வாசல் திறந்திருக்கிறது. எழுத்து வடிவில் விரிவான கதைக் குறிப்பாக, இரகசியமாக வைக்க வேண்டும் என்ற நம்பிக்கையின் பேரில் கொடுத்திருந்தால், அந்த நம்பிக்கையை மீறியதற்காக வழக்குத் தொடரலாம். ஒரு தொலைக்காட்சித் தொடரின் கருத்துரு தொடர்பாக 2003-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த அடிப்படையில் தடை விதித்திருக்கிறது. டீக்கடையில் நின்று சொன்ன கதைக்கு இது பொருந்தாது. ஆகவே அடுத்த கதையைச் சொல்லப் போவதற்கு முன் காட்சி வரிசையோடு எழுதி, தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். யாரிடம் எந்தத் தேதியில் சொன்னீர்கள் என்பதை அன்றே அவருக்கு ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.