ஏன் எல்லோரும் ஒரே எண்ணில் நிற்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்துகொண்டே தொலைநிலைக் கல்வியில் எம்.பி.ஏ. படிக்கிறேன். வேலையை அளந்து நிர்ணயிக்கச் சொன்ன டெய்லரை, தொழிலாளரின் குழு உறவுகளை வலியுறுத்திய மேயோ மறுத்தார், மேயோவைப் பின்வந்தவர்கள் மறுத்தார்கள் என்றே பாடநூல் போகிறது. எங்கள் முதலாளி கூடுதல் உருப்படிகளுக்கு ஊக்கத்தொகை அறிவித்தும், எல்லோரும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் நிறுத்திக்கொள்கிறார்கள். இதற்கு எந்தக் கோட்பாட்டை நம்புவது?

வாசகர், திருவொற்றியூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பட்டறையில் நடப்பது டெய்லருக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அறிவியல்முறை மேலாண்மை பற்றி 1911-இல் வெளியிட்ட நூலில், தொழிலாளர்கள் வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பதைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். அதற்கு அவர் சொல்லும் முக்கியக் காரணம் சோம்பல் அன்று. கூடுதலாகச் செய்துகாட்டினால் முதலாளி பீஸ் ரேட்டை, அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியை, குறைத்துவிடுவார் என்ற பட்டறிவு. டெய்லரை ஸ்டாப்வாட்சோடு நின்றவராக மட்டும் காட்டும் பாடநூல்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுவது வருத்தத்துக்குரியது. நியாயமான ஒரு நாள் வேலையை அளந்து நிர்ணயித்துவிட்டால் பேரத்துக்கே இடமிராது என்று அவர் நம்பினார். ஆனால் அளப்பவரை நியமிப்பதும் முதலாளிதானே.

சிகாகோவை அடுத்த ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள் என்றதும் விளக்கு வெளிச்சச் சோதனைதான் பலர் நினைவுக்கு வருகிறது. உங்களுக்கு வேண்டியது அங்கே கடைசியாக நடந்த ஆய்வு. 1931 நவம்பரில் 14 ஆண்களைத் தனி அறையில் அமர்த்தி, தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்கு அவர்கள் வயர் இணைப்பதை ஒருவர் உடனிருந்து கவனித்தார். நாளுக்கு இரண்டு கருவி என்று அவர்களே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டி ஓடுபவருக்கு மேற்கையில் ஒரு குத்து விழும். மிக மெதுவாகச் செய்பவருக்கும், மேலாளரிடம் போட்டுக்கொடுப்பவருக்கும் பட்டப்பெயர் உண்டு. இந்த ஆய்வுகளோடு பெயர் சேர்ந்த மேயோவின் வழிவந்தோர் இதைக் குழு உணர்வு என்றும், தர்க்கத்தில் பிறக்காதது என்றும் விளக்கினார்கள். இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. அது உலகப் பொருளாதாரம் சரிந்த பெருமந்தக் காலம். ஆலையில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. வேலை இல்லாமற்போனதால் அந்த ஆய்வே 1932-இல் நின்றது. இருக்கும் வேலையை நீட்டித்துக்கொள்ளப் பார்த்தவர்களைத் தர்க்கம் அறியாதவர்கள் என்பது அநீதி.

உங்கள் பட்டறைக்கு மிக நெருக்கமான சான்று அமெரிக்கச் சமூகவியலாளர் டொனால்ட் ராயுடையது. அவர் 1944-45-இல் ஓர் இயந்திரப் பட்டறையில் தாமே துளையிடும் இயந்திரத்தில் நின்று வேலை பார்த்து, 1952-இல் அதைக் கட்டுரையாக எழுதினார். நல்ல ரேட் உள்ள வேலைகளில் மணிக்கு ஒன்றேகால் டாலரை ஒட்டியே எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு மேல் போனால் ரேட் வெட்டப்படும் என்ற அச்சமே காரணம். ரேட் மோசமான வேலைகளில் முயலவே இல்லை. அடிப்படைக் கூலி எப்படியும் வந்துவிடும். காரணத்தைக் கண்டதில் டெய்லர் மேயோவை விடச் சரியானவர் என்று நான் கருதுவது இதனால்தான். அந்தக் காரணம் தனி மனிதரிடம் நிற்காமல் குழுவின் சட்டமாக எப்படி மாறுகிறது என்பதைக் காட்டியதில் ஹாதார்ன்காரர்களுக்கு ஈடில்லை.

டெய்லர், மேயோ இருவரும் போதிய இடம் தராதது தொழிற்சங்கத்துக்கு. உங்கள் ஊருக்கு அருகிலேயே, பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்னின்று கூட்ட, பி.பி.வாடியா தலைவரானார், திரு.வி.க. துணை நின்றார். தொழிலாளர் தரப்பில் வெளிப்படையாகப் பேச ஓர் அமைப்பு இருக்கும் இடத்தில், மேற்கையில் குத்துவிட்டுக் காக்கவேண்டிய எண்ணிக்கை பேச்சுவார்த்தை மேசைக்கு வந்துவிடும்.

விதிகளால் இயங்கும் நிர்வாகத்தை ஆராய்ந்த ஜெர்மன் சமூகவியலாளர் வெபரை இதற்குள் அதிகம் இழுக்க வேண்டியதில்லை. எழுதிவைத்த விதி ஆளுக்கு ஆள் மாறாது என்ற கருத்து மட்டும் பயன்படும். அதோடு அமெரிக்கத் தொலைபேசி நிறுவன நிர்வாகி செஸ்டர் பர்னார்டு 1938-இல் சொன்னதைச் சேர்த்துப் படியுங்கள்: அதிகாரம் ஆணையிடுபவரிடம் இல்லை, அதை ஏற்பவரிடம் இருக்கிறது. உங்கள் முதலாளியின் அறிவிப்பை ஆட்கள் இன்னும் ஏற்கவில்லை.

அலுவலகத்தில் பழைய கூலிப் பதிவேடுகள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். உற்பத்தி உயர்ந்த ஏதேனும் ஒரு மாதத்துக்குப் பின் ரேட் குறைக்கப்பட்டிருந்தால், டெய்லரும் ராயும் சொன்னது போதும். ரேட்டை இத்தனை காலம் தொடமாட்டோம் என்று முதலாளி கையெழுத்திட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். அப்படி எதுவும் நடந்திராவிட்டால், ஹாதார்னில் போல வேலை போய்விடும் என்ற அச்சம் காரணமாக இருக்கலாம்; ஆர்டர் குறைந்தபோது யார் யாரை வேலையிலிருந்து நீக்கினார்கள் என்பதைத் தேடுங்கள்.