மாட்டுக்கொட்டகை வாசம் வரும் பீர்: கேள்வி பதில்

பெங்களூருவில் ஒரு மைக்ரோ ப்ரூவரியில், அதாவது தானே பீர் காய்ச்சி விற்கும் ஒரு சிறு ஆலையில், ஒன்பது வருடம் பீர் காய்ச்சினேன். இப்போது ஓசூரில் குடியிருக்கிறேன். கடையில் வழக்கமாகக் கிடைக்கும் லாகர் வகை பீரைத் தாண்டி, புளிப்பு பீர், புகை பீர், ராகி பீர் என்று எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று கிருஷ்ணகிரி, தர்மபுரி என்ற நம் இரு மாவட்ட நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் எனக்குப் பதில் தெரிந்தவை கீழே. 21 வயது நிரம்பாதவர்களுக்கு இது இல்லை.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒருவர்: அண்ணா, சுவைத்துக் குடிப்பது என்கிறீர்களே, அதை எப்படித் தொடங்குவது? எனக்கு எல்லா பீரும் கசப்பாகத்தான் இருக்கிறது.

கசப்பு மட்டும் தெரிகிறது என்றால் முதல் காரணம், ஐஸ் போல் குளிரவைத்துக் குடிக்கிறீர்கள். அவ்வளவு குளிரில் வாசனை மேலே வராது, நாக்கும் மரத்துப்போகும். லாகரை 4 முதல் 7 டிகிரியில் குடிக்கலாம். லாகரைவிடக் கொஞ்சம் சூடான பதத்தில் புளிக்கவைக்கும் ஏல் வகைக்கு 8 முதல் 12 வேண்டும். கறுப்பு ஸ்டௌட் அதற்கும் கொஞ்சம் மேலே. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்தாலே பாதி வேலை முடிந்தது. இதை இன்னும் பலமுறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கிளாஸ். பாட்டிலோடு வாயில் வைத்தால் மூக்குக்கு எதுவும் எட்டாது. கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது, இருந்தால் நுரை உடனே உட்கார்ந்துவிடும். கிளாஸைச் சாய்த்துப் பாதி ஊற்றி, பிறகு நிமிர்த்தி இரண்டு விரல் நுரை வரும்படி ஊற்றுங்கள். வாசனையை நுரைதான் தூக்கிக் கொடுக்கிறது. கையில் பிடித்து ஒரு சுற்று சுற்றி, இரண்டு மூன்று முறை சின்னதாக மோந்து பாருங்கள். அப்புறம் ஒரு வாய். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். அப்போது தொண்டைப் பின்புறத்திலிருந்து ஒரு வாசனை ஏறும் பாருங்கள், நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி அதுதான்.

வந்த வாசனைக்கு உங்கள் வீட்டுப் பெயரையே வையுங்கள். புத்தகத்தில் இருக்கிற பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஜெர்மன் கோதுமை பீரில் எனக்கு வருவது நன்றாகக் கனிந்த வாழைப்பழமும் பிரியாணிக் கிராம்பும். அதில் பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை. இரண்டையும் அதைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட்தான் உண்டாக்குகிறது. இரண்டு பீருக்கு நடுவே தண்ணீரும் வெறும் பொரியும் போதும். மசாலாக் கடலையைத் தள்ளி வையுங்கள்.

ஊத்தங்கரையிலிருந்து: பீர் குடித்தால் சிறுநீரகக் கல் கரையுமா?

கரையாது. டாக்டரைப் பாருங்கள்.

பர்கூரிலிருந்து: பெங்களூருவில் ஒரு பெல்ஜியம் பீர் குடித்தேன். 750 மில்லிக்குப் பெரிய விலை. வாயில் வைத்தால் புளிப்பு, மாட்டுக்கொட்டகை நாற்றம். கெட்டுப்போனதை விற்றுவிட்டார்களா?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது லாம்பிக் குடும்பம். கெடவில்லை, அதன் குணமே அது.

பிரஸ்ஸல்ஸ் நகரத்தை ஒட்டிய சென் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இதைக் காய்ச்சுகிறார்கள். மற்ற பீர்களில் வளர்த்த ஈஸ்டை நாம் அளந்து போடுவோம். லாம்பிக்கில் ஈஸ்ட் போடுவதே இல்லை. முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத கோதுமையும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றை, ஆழமில்லாத பெரிய தட்டுத் தொட்டியில் ஊற்றி, குளிர்கால இரவு முழுக்கத் திறந்து வைப்பார்கள். காற்றில் இருக்கிற ஈஸ்டும் பாக்டீரியாவும் தாமாக வந்து இறங்கும். பிறகு மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் கிடக்கும். ஒரு வருடம், இரண்டு, மூன்று வருடம் ஆனவற்றைக் கலந்து பாட்டிலில் மறுபடி பொங்கவிட்டால் அதற்கு கூஸ் என்று பெயர். புளிப்புச் செர்ரி ஊறவைத்தது க்ரீக். 1900இல் தொடங்கிய கான்டியோன் இன்றும் பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்குள்ளேயே இதைச் செய்கிறது.

அந்தக் கொட்டகை வாசத்துக்குக் காரணம் ப்ரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட். 1904இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் க்ளாசன் என்பவர் அதை ஆங்கிலேய பீரில் கண்டுபிடித்து, பிரிட்டிஷ் பூஞ்சை என்று பொருள்படும் பெயரை வைத்தார். எனக்கு முதல்முறை அந்த வாசனை வந்தபோது, மழையில் நனைந்த வைக்கோல்போர் பக்கத்தில் மாடு கட்டியிருக்கும் எங்கள் தாத்தா வீட்டுப் பின்கட்டு நினைவுக்கு வந்தது. அதற்குப் பின் அந்த பீரை வெறுக்க என்னால் முடியவில்லை.

கெட்டதையும் நல்லதையும் பிரிக்க ஒரு வழி சொல்கிறேன். மோர்ப் புளிப்பு, எலுமிச்சைப் புளிப்பு என்றால் பெரும்பாலும் வேண்டுமென்றே செய்தது. சாதாரண லாகரில் புளிப்பு வந்தாலோ, குழாய் பீரில் காடி மூக்கைக் குத்தி, கூடவே வெண்ணெய் வாசமும் அடித்தாலோ, குழாயைக் கழுவாமல் விட்டிருக்கலாம். திருப்பிக் கொடுங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் பழையதாகிவிட்ட பீரின் அடையாளம். பச்சை பாட்டில் பீர் வெயில் பட்டால் ஒரு கெட்ட நாற்றம் வரும், கசப்புக்காக பீரில் போடும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்புப் பொருளை வெளிச்சம் உடைப்பதால் வருவது. பழுப்பு பாட்டில் அதைப் பெருமளவு தடுக்கும்.

பாலக்கோட்டிலிருந்து: புளிப்பு பீர் எனக்கும் ஆசைதான், ஆனால் அவ்வளவு விலை கொடுக்க முடியாது. எளிதாக ஆரம்பிக்க எது?

கோசெ. மேலே சொன்ன கூஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது ஜெர்மனியின் கோஸ்லார் ஊரில் பிறந்து லைப்சிக்கில் பேர் பெற்றது. கோதுமை, பார்லி, உப்பு, கொத்தமல்லி விதை, கூடவே தயிரைப் புளிக்க வைக்கிற லாக்டிக் வகைப் பாக்டீரியா. உப்பு போட்ட நீர்மோர் குடித்து வளர்ந்த நமக்கு இது இரண்டாவது வாயிலேயே பிடித்துவிடும். பெங்களூரு ப்ரூவரிகளில் அவ்வப்போது வரும். ஐஸ் போல் குளிரவைக்காமல் வாங்குங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து: நம்ம ஊர் மாம்பழத்தில் பீர் செய்தால் இனிப்பாக இருக்குமா?

இருக்காது. பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடும். மிஞ்சுவது வாசனையும் புளிப்பும்தான். மாம்பழ ஜூஸ் போல இனித்தால், கடைசியில் கூழோ எசென்ஸோ சேர்த்திருக்கிறார்கள். நம் கூழ் ஆலைகளுக்கு அதிகம் போகும் பெங்களூரா மாம்பழத்துக்கு வாசனை குறைவு. பீருக்கு அல்போன்சா கூழ்தான் நிற்கும்.

அரூரிலிருந்து: பீர் உடம்புக்குக் குளிர்ச்சியா, சூடா?

குடித்த நேரத்துக்குக் குளிர்ச்சியாகத் தெரியும். அப்புறம் சிறுநீராக வெளியேறி உடம்பில் தண்ணீரைக் குறைக்கும். வெயிலுக்கு மோர் குடியுங்கள்.

பென்னாகரத்திலிருந்து: ராகியில் பீர் செய்ய முடியுமா? செய்திருக்கிறீர்களா?

செய்திருக்கிறேன், முதல் தடவை தோற்றும் இருக்கிறேன். நம் வீடுகளில் குழந்தைக்குக் கொடுக்க ராகியை ஊறவைத்து, துணியில் கட்டி, முளைவிட்டதும் காயவைத்து அரைப்பார்கள். பீருக்குப் பார்லியைத் தயார் செய்வதும் அதே வேலைதான். முளைவிடும்போது தானியத்துக்குள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் உண்டாகின்றன. நம் பக்கத்துத் தானியங்களில் ராகிக்கு அந்தச் சக்தி நன்றாகவே உண்டு.

சிக்கல் வேறு இடத்தில். பார்லிக்கு உமி இருக்கிறது. சாற்றை வடிக்கும்போது அந்த உமியே வடிகட்டியாக நிற்கும். ராகிக்கு அது இல்லை. நூற்றுக்கு முப்பது பங்கு ராகி போட்டு வடிக்கப் போனேன். குழாயைத் திறந்தால் சொட்டுச் சொட்டாக வந்து நின்றுபோனது. மூடியைத் திறந்து துடுப்பை விட்டுப் பார்த்தால் களி. துடுப்பு நிமிர்ந்து நின்றது. நான்கு மணி நேரம் போராடி, கடைசியில் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டினோம். அடுத்த முறை ராகியைத் தனியாக வேகவைத்துக் குழைத்து, நெல் உமியைக் கழுவி வாளி வாளியாகக் கலந்தேன். தண்ணீர்போல் வடிந்தது. அந்த பீரில் களி கிண்டும்போது சட்டியின் அடியில் பிடிக்குமே, அந்த லேசான தீய்ந்த வாசம் வந்தது. எங்கள் குழுவில் வேறு ஊர்க்காரர்கள் அதைச் சாக்லேட் என்றார்கள். அவர்களுக்கு அது சாக்லேட், எனக்குச் சட்டி. இரண்டும் சரி.

ஒன்று தெரியுமா, கிழக்கு நேபாளத்திலும் சிக்கிமிலும் தோங்பா என்று குடிப்பதும் ராகிதான். புளிக்கவைத்த ராகியை ஒரு குவளையில் நிரப்பி, வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழாயால் உறிஞ்சுவார்கள். வெந்நீர் தீரத் தீர மறுபடி ஊற்றிக்கொள்ளலாம்.

தர்மபுரியிலிருந்து ஒருவர்: ராகி பீர், கோதுமை பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் இல்லாததுதானே? ராகியில் இல்லை. ஆனால் கடையில் வருவதில் பார்லி கலந்திருக்கும், அதில் உண்டு.

மறுபடி பென்னாகரம்: பெல்ஜியத்தில் தொட்டியைத் திறந்து வைத்தால் கலை. நம்ம பனையேறி பானை கட்டினால் குற்றம். கள்ளும் சிறு ஆலைகளில் கைப்பக்குவமாகச் செய்யும் கிராஃப்ட் பீர் மாதிரிதானே?

கோபம் நியாயமானது. ஆனால் கள் பீர் இல்லை. பீர் என்றால் தானியத்தின் மாவுச்சத்தை முளையின் நொதியால் சர்க்கரையாக்கி, அப்புறம் புளிக்க வைப்பது. பனஞ்சாற்றில் சர்க்கரை தயாராகவே இருக்கிறது. அதனால் கள் திராட்சை மதுவுக்குத்தான் உறவு. ஈஸ்ட் வருகிற வழியில் மட்டும் லாம்பிக்கும் கள்ளும் அண்ணன் தம்பி. பானையில் சுண்ணாம்பு தடவினால் நுண்ணுயிர் வளராது, பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் பாளையிலும் பழைய பானையிலும் இருப்பவை வேலை செய்து, இறக்கும்போதே கள்.

முதலில் கேட்ட காவேரிப்பட்டணத்துக்காரரும் சேர்ந்துகொண்டார்: இது வெறும் வார்த்தை விளையாட்டு அண்ணா. தகடூர் அதியமானோடு ஔவை குடித்தது என்ன, லாகரா? கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான் என்று பாடியிருக்கிறார். அந்தத் தகடூர்தான் இந்தத் தர்மபுரி.

அந்தப் புறநானூற்றுப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கும் நெஞ்சு கனக்கும். ஆனால் அந்தக் கள் எதிலிருந்து வந்தது என்று பாட்டு சொல்லவில்லை. சங்கத் தமிழில் கள் என்பது பனங்கள்ளை மட்டும் குறிக்கவில்லை.

அரூரில் தமிழாசிரியராக இருக்கும் ஒரு அம்மா எழுதினார்: பெரும்பாணாற்றுப்படையைப் பாருங்கள் தம்பி. அரிசிக் கூழைத் துழாவி, அகன்ற பாத்திரத்தில் ஆறவைத்து, முளையைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்த மது அதில் வருகிறது. அது என்ன?

அம்மா, அது பீர். தானியக் கூழ், ஆறவைத்தல், முளை, சாடி, இரண்டு நாள். நான் ப்ரூவரியில் செய்த வரிசை அப்படியே இருக்கிறது. ஹாப்ஸ் மட்டும் இல்லை, ஐரோப்பாவிலும் முதலில் ஹாப்ஸ் இல்லாமல்தான் காய்ச்சினார்கள். ஒன்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் இந்த அடிகளை இப்படிப் படிக்கத் தோன்றவில்லை எனக்கு. நேற்று இரவு உரையோடு நான்கு முறை படித்தேன். கூழை ஆறவைத்த பிறகு முளை சேர்க்கிறார்களே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கொதிக்கும் கூழில் போட்டால் நொதி செத்துவிடும். அந்த நுட்பம் தெரிந்து செய்திருக்கிறார்கள்.

ஆகவே காவேரிப்பட்டணத்து நண்பருக்கு: நீங்கள் பாதி வென்றீர்கள். பனங்கள் பீர் இல்லை என்பதில் நான் நிற்கிறேன். தமிழருக்கு பீர் புதிது என்று இனி சொல்ல மாட்டேன். கள் இறக்க 1987 முதல் இருக்கும் தடை நீங்க வேண்டும் என்பதும் என் கருத்து.

சூளகிரியிலிருந்து: அப்படியானால் அந்த அரிசி பீரை வீட்டில் செய்து பார்க்கலாமா?

கூடாது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது நம் மாநிலத்தில் குற்றம், அளவும் முறையும் சொல்ல மாட்டேன். 2008 மே மாதம் நம் எல்லைப் பகுதியில் கள்ளச்சாராயத்துக்கு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சாராயத்தில் மெத்தனால் கலப்பதுதான் இப்படி உயிரை வாங்குகிறது. தானியத்தைப் புளிக்கவைத்தால் மட்டும் அப்படி ஆகாது. ஆனாலும் அனுமதியில்லாமல் யாரோ பிளாஸ்டிக் கேனில் கொடுப்பதில் என்ன இருக்கிறது என்று நாக்குக்குத் தெரியாது. வாங்காதீர்கள்.

போச்சம்பள்ளியிலிருந்து: ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல், நம் இந்தியாவுக்காகவே கண்டுபிடித்ததா?

இல்லை. ஹாப்ஸ் அதிகம் போட்ட பீர் அதற்கு முன்பே இங்கிலாந்தில் இருந்தது. லண்டனில் ‘போ’ (Bow) என்ற பகுதியில் இருந்த ஹாட்ஜ்சன் ப்ரூவரி, கிழக்கிந்தியக் கப்பல்காரர்களுக்கு விற்றுப் பெயர் வாங்கியது. இந்தியப் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: கல்லடைப்புக்கு பீர்... மேலே சொல்லிவிட்டேன்.

காரிமங்கலத்திலிருந்து: எது அதிகம் ஏறும்? இந்தக் கேள்வி ஆறு பேரிடமிருந்து வந்தது. போதைக்காகக் கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

ஓசூரிலிருந்து: சனிக்கிழமை பீர் குடிக்க பெங்களூரு இந்திராநகர் போகிறோம், முதல்முறை. நான்கு பேர். எப்படி வாங்குவது?

முழு கிளாஸ் வாங்காதீர்கள். சாம்ப்ளர் கேட்டால் சின்னச் சின்ன கிளாஸில் நான்கைந்து வகை வரும். நான்கு பேரும் பகிர்ந்துகொள்ளுங்கள். மெல்லியதில் தொடங்குங்கள்: கோதுமை பீர், பிறகு ஏல், பிறகு ஐபிஏ, கடைசியில் ஸ்டௌட். புளிப்பு பீர் இருந்தால் ஐபிஏவுக்கு முன்னால். புகையில் உலர்த்திய தானியத்தில் செய்யும் புகை பீர் இருந்தால் எல்லாவற்றுக்கும் பின்னால், அது நாக்கில் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை எழுதி வைத்துக்கொண்டு, நால்வரும் எழுதி முடித்த பிறகு ஒப்பிடுங்கள், முன்னால் பேசினால் ஒருவர் சொன்னதே எல்லோருக்கும் தெரியும். குளிர் போதவில்லை என்று பரிமாறுபவரிடம் சண்டை போடாதீர்கள்.

திரும்பி வர பஸ்ஸோ டாக்ஸியோ முன்பே பேசிவிடுங்கள். அத்திபள்ளி தாண்டி ராத்திரியில் லாரிகள் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். வெளிமாநில பாட்டிலை அனுமதியில்லாமல் பையில் போட்டு வந்தால் ஜூஜுவாடி சோதனைச் சாவடியில் வழக்கு. குழாய் பீரை வாங்கி வந்தாலும் மறுநாள் நுரை இறங்கிப்போயிருக்கும். அங்கேயே குடித்து, என்ன வாசனை வந்தது என்பதை மட்டும் எடுத்து வாருங்கள். திங்கட்கிழமை எனக்கு எழுதுங்கள், குறிப்பாகக் கோதுமை பீரில் வாழைப்பழம் யாருக்கு வந்தது, யாருக்குக் கிராம்பு வந்தது என்று.