கேள்வி பதில்: கண் திறக்காத பிள்ளையார்

கேள்வி: என் மகன் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் சிற்பம் பயில்கிறான். பழைய சைக்கிள் செயின், பல்சக்கரம், அறுவடை மிஷினின் துருப்பிடித்த தகடு இவற்றைப் பற்றவைத்து ஒரு பிள்ளையார் செய்து வீட்டுக்குக் கொண்டு வந்தான். அவனுடைய அப்பாயி, "சாமியை இப்படியா செய்வது?" என்று கடிந்து, திண்ணையில்கூட வைக்க விடாமல் மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பிவிட்டார். யார் பக்கம் நியாயம்?
– ஒரு வாசகி, திருவிடைமருதூர்

பதில்: மாட்டுக்கொட்டகையை அவமதிப்பு என்று உங்கள் மகன் நினைக்க வேண்டியதில்லை. மாட்டுப் பொங்கலன்று அங்கேதான் சாணியில் பிள்ளையார் பிடித்து, அறுகம்புல் செருகிப் படைக்கிறோம். மஞ்சளிலும் சாணியிலும் களிமண்ணிலும் சாமியைக் கண்ட கைதான் உங்கள் மாமியாருடையது. ஆகவே அவருடைய மனத்தாங்கல் இரும்பின் மேல் இருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. அது விளையாட்டாகச் செய்யப்பட்டதோ என்ற ஐயமாக இருக்கலாம்.

ஒரு நாள் அவரையும் பேரனையும் சேர்த்துச் சுவாமிமலைக்கு அழைத்துப் போங்கள். தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து ஸ்தபதி முதலில் மெழுகில் உருவம் பிடிக்கிறார். தென்னையோலை நறுக்கை மடித்து மடித்துத் தாள அளவு (சிலையின் உறுப்புகளுக்கான விகித அளவு) பார்க்கிறார். பிறகு காவிரி வண்டலைக் குழைத்து அதன் மேல் அடுக்கடுக்காகப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அது இருந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார். மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும் என்பதால் ஒரே அச்சில் இரண்டாவது சிலை பிறப்பதில்லை. இவ்வளவு முறையாகச் செய்த பிறகும் பட்டறையில் அதை யாரும் கும்பிடுவதில்லை. அரத்தால் ராவுகிறார்கள், தரையில் கிடத்தித் துடைக்கிறார்கள். பொன்னூசியால் கண் திறந்து, கோயிலில் பிரதிஷ்டை செய்து, குடமுழுக்கு நீர் பட்ட பின்னரே அது மூர்த்தி. சிலைக்கும் மூர்த்திக்கும் நடுவே இப்படி ஒரு கோட்டை இழுத்து வைத்தது மரபுதானே தவிர நவீன விமர்சகர்கள் அல்லர். உங்கள் மகனின் பிள்ளையார் அந்தக் கோட்டுக்கு இப்பால் நிற்கிறார். அங்கே அவனுக்கு ஆகமக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் கலைக்குரிய கட்டுப்பாடு உண்டு.

சிற்பி பி.வி. ஜானகிராம் அந்தக் கட்டுப்பாட்டுக்கு நல்ல சான்று. 1966இல் சென்னைக்கு அருகே கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டல் ஓவியர் கிராமத்தைச் சேர்ந்த அவர், உலோகத் தகட்டைத் தட்டிப் பிள்ளையாரையும் கிறிஸ்துவையும் செய்தார். கோயிலில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தத் தகடுகள் அந்நியமாகத் தெரியாது. உங்கள் மகனிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: செயின் துதிக்கையானது அதன் கண்ணிகள் ஒன்றையொன்று பற்றி வளைவதை அவன் கவனித்ததனாலா, கையில் அகப்பட்டது அதுதான் என்பதனாலா? முதலாவது என்றால், அப்பாயியிடம் அந்த வளைவைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் கலைஞர்கள் பக்திக்காக உழைத்தார்கள், இன்று எல்லாம் காசுக்காக என்கிறேன் நான். மறுப்பீர்களா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: மறுக்கிறேன், மறுப்பதற்கான சான்று உங்கள் ஊர்ப் பெரிய கோயிலின் சுவரிலேயே இருக்கிறது. கோயிலில் ஆடிப் பணிசெய்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர், அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து அழைத்துவரப்பட்டார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பவற்றையெல்லாம் ராஜராஜன் கல்லில் வெட்டி வைத்தான். ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல். அதை அளந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான். கூலி அளக்கும் படிக்கே ஆடும் சிவனின் பெயரை வைத்த ஊரில், பக்தியையும் ஊதியத்தையும் எதிரெதிரே நிறுத்தினால் எடுபடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருவறையைச் சுற்றிய உள்பிராகாரத்தில் சோழர் கால ஓவியங்களின் மேல் நாயக்கர் காலத்தவர் சுதை பூசிப் புதிதாக வரைந்தார்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி அடியில் இருந்த சோழ அடுக்கைக் கண்டறியும் வரை நாம் பார்த்ததெல்லாம் மேலடுக்குத்தான். இன்று யாராவது அந்தச் சுவரைத் தொட்டால் நாம் வழக்குப் போடுவோம் (போடத்தான் வேண்டும்). ஆனால் நாயக்கர் காலத்து ஓவியனுக்கு அது அருங்காட்சியகம் அன்று, வழிபாடு நடக்கும் இடம். தன் காலத்துக் கலையைச் சாமிக்குக் கொடுக்கத் தனக்கு உரிமை உண்டு என்று அவன் நம்பினான். பழமையின் மேல் நாம் வைத்திருக்கும் பக்தி அவனுக்கு விளங்கியிருக்குமா என்பது ஐயமே.

விமானத்தின் மேல்தளத்தில் 108 கரணங்களில் (நாட்டிய நிலைகளில்) 81 மட்டும் செதுக்கப்பட்டு, எஞ்சிய 27க்கான கற்கள் வெறுமையாக நிற்கின்றன. வேலை ஏன் நின்றது என்பதற்குக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. எனக்கு அந்த வெற்றுக் கற்களையும் பிடிக்கும்.

கேள்வி: கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவர் பரதநாட்டியம் ஆடினால் அதில் உயிர் இருக்குமா?
– ஒரு கல்லூரி மாணவி, பாபநாசம்

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் மெலட்டூர் இருக்கிறது. நரசிம்ம ஜயந்தியை ஒட்டி அங்கே வரதராஜப் பெருமாள் சந்நிதிக்கு எதிரே நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தை ஒரு முறையேனும் விடிய விடியக் கண் விழித்துப் பாருங்கள். வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய பிரகலாத சரித்திரத்தை ஆண்களே எல்லா வேடமும் ஏற்று நடிக்கிறார்கள். நரசிம்ம முகமூடி ஆண்டு முழுதும் பூசையில் இருப்பது. அதை அணிபவர் விரதம் இருக்கிறார். முகமூடி ஏறியதும் அவர் ஆவேசம் கொள்ள, அவரைப் பிடித்துக்கொள்ளவே ஆட்கள் நிற்கிறார்கள். அங்கே நடிப்பு எங்கே முடிந்தது, வழிபாடு எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த இடத்தில் நம்பிக்கை இல்லாதவர் முகமூடி அணிவது பொருந்தாது என்பேன்.

சபா மேடையின் நிலை வேறு. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி (தேவதாசியாக) விடுவதைத் தடுத்ததற்கு முன்பே நாட்டியம் மேடைக்கு வரத் தொடங்கிவிட்டது. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அந்த மேடையில் நடராசர் சிலையை வைத்தார். தஞ்சை மரபில் வந்த நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி, 1975இல் தமிழ் இசைச் சங்கத்தில் பேசியபோது, கச்சேரியின் தொடக்க உருப்படியான அலாரிப்பைக் கோபுரத்துக்கும் நடுநாயகமான வர்ணத்தைச் சந்நிதிக்கும் ஒப்பிட்டார். கச்சேரியின் வரிசையே அவருக்குக் கோயிலாக இருந்தபடியால், அவருக்குத் தனியாக ஒரு கோயில் மேடையில் தேவைப்படவில்லை. மறுபக்கம், நடன அமைப்பாளர் சந்திரலேகா 1985இல் 'அங்கிகா' என்ற படைப்பில் புராணக் கதைகளை ஒதுக்கிவிட்டு அடவையும் (நாட்டியத்தின் அடிப்படை அசைவையும்) யோகத்தையும் போர்க்கலையையும் கொண்டு உடலை மட்டும் பேசவைத்தார். இருவருமே உடலை அற்பமாக நினைக்கவில்லை. நீங்கள் கேட்கும் உயிர் அங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். ஆடுபவரின் மனத்துக்குள் சாமி இருக்கிறாரா என்று சோதிக்க ரசிகனிடம் கருவி ஏதும் இல்லை. அரைமண்டி (முழங்கால் மடக்கிய அரை உட்காரும் நிலை) இறங்குகிறதா இல்லையா என்பது கடைசி வரிசைக்கும் தெரியும்.

கேள்வி: சமயமும் கலையும் என்றால் கோயிலோடு நிறுத்திவிடுகிறீர்கள். எங்கள் கடற்கரைப் பக்கம் பார்க்க மாட்டீர்களா?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். தஞ்சையில் இரண்டாம் சரபோஜியின் ஆதரவு பெற்ற வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), கோயில் கலையாக அறியப்பட்ட குறவஞ்சியை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். அதிலும் தலைவி காதலில் உருகுகிறாள், குறத்தி வந்து குறி சொல்கிறாள். தலைவன் மட்டும் கிறிஸ்து. அதே தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் என்ற கிறிஸ்தவ மருத்துவர் தமிழிசையின் சுருதிகளைக் கணக்கிட்டு 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டார். நாகூர் ஹனிபாவின் குரலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வேளாங்கண்ணியில் மாதாவுக்குச் சேலை உடுத்துகிறார்கள். மேல்நாட்டுச் சாயல் கொண்ட ஓர் உருவத்துக்கு முதன்முதலில் கொசுவம் மடித்துச் செருகிய அந்தப் பெயர் தெரியாத கையையும் நான் இந்தக் கலைஞர்களின் வரிசையில்தான் வைப்பேன்.