வீட்டைப் பிரியும் முதல் நாள்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. வரும் ஜூன் மாதம் பள்ளியிலிருந்து ஒரு வாரம் பிரான்சின் நோர்மண்டிக் கிராமப்புறத்தில் உள்ள பழைய மாளிகை ஒன்றுக்கு, தங்கியிருந்து பிரெஞ்சு பழக அழைத்துச் செல்கிறார்கள். எங்களைப் பிரிந்து அவள் ஓர் இரவுகூட உறங்கியதில்லை. கைபேசிக்கும் அனுமதி இல்லை. "இருக்க முடியாவிட்டால் ஆசிரியையிடம் சொல், அப்பா காரில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று கணவர் வாக்களித்திருக்கிறார். முதல் நாள்கள் எப்படி இருக்கும்? அனுப்பலாமா?
– ஒரு தாய், ஹாரோ, லண்டன்

பதில்: அன்புச் சகோதரி, தயங்காமல் அனுப்புங்கள். ஆனால் உங்கள் கணவர் கொடுத்த வாக்கை அவரே மகளை அருகில் அமர்த்தி, கனிவாகத் திரும்பப் பெற வேண்டும். வீட்டு ஏக்கத்தைப் பற்றி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்துக்காகத் தர்பர், வால்டன் என்னும் இருவர் 2007ஆம் ஆண்டில் எழுதிய அறிக்கையும் இத்தகைய வாக்குறுதியைத் தவிர்க்கும்படியே பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறது. அன்பினால் சொல்லப்பட்டாலும், "உன்னால் இது முடியாது என்று அப்பாவே நினைக்கிறார்" என்றுதான் அது பிள்ளையின் மனத்தில் பதியும். பிறகு சிறு சங்கடம் வந்தாலும், அதைக் கடக்க வழி தேடாமல், வரப்போகும் காரையே அவள் எண்ணிக்கொண்டிருப்பாள். "இரவில் அழுகை வரலாம், வந்தால் ஆசிரியையிடம் சொல், அது தணிந்துவிடும்" என்று சொல்லி அனுப்புவதே உண்மையானதும் உதவக்கூடியதும் ஆகும்.

இத்தகைய பயணங்களில் பிள்ளைகளுடன் சென்றவள் என்ற முறையில் முதல் நாள்களைச் சொல்கிறேன். போர்ட்ஸ்மத்திலிருந்து கப்பலில் போனால் நோர்மண்டியின் விஸ்த்ரஹாம் துறைமுகத்தை அடையச் சுமார் ஆறு மணி நேரமாகும். டோவர் வழியாகப் போனால் கடலில் செல்லும் நேரம் ஒன்றரை மணிதான் என்றாலும், கலேயிலிருந்து பேருந்தில் நெடுந்தூரம் போக வேண்டும். எப்படிப் போனாலும் பிள்ளைகள் களைத்துப்போய்த்தான் சேருவார்கள். கடிகாரமும் ஒரு மணி நேரம் முன்னே ஓடியிருக்கும். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடுவதால், வெளிச்சம் இருக்கும்போதே படுக்கச் சொல்வார்கள். ஜன்னலின் மரக்கதவுகளைச் சாத்தியதும் அறை கும்மிருட்டாகிவிடும். தெருவிளக்கின் ஒளியிலேயே உறங்கிப் பழகிய லண்டன் பிள்ளைகளுக்கு அந்த இருட்டும், வாகன ஓசையே இல்லாத அமைதியும் புதியவை. அழுகை தொடங்குவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். நான் பார்த்தவரையில் முதல் இரவைவிட இரண்டாம் இரவுதான் கடினமானது. முதல் இரவில் களைப்பே அவர்களை உறங்கவைத்துவிடுகிறது.

பகலில் ஏக்கத்துக்கு நேரமிருப்பதில்லை. காலையில் கைப்பிடியில்லாத பெரிய கிண்ணத்தில் சூடான சாக்லேட் பால் தருவார்கள். வெண்ணெய் தடவிய ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிடுவதைப் பிள்ளைகள் ஒரே நாளில் பழகிக்கொள்கிறார்கள். பிறகு ரொட்டிக்கடை, ஆட்டுப்பண்ணை, வாரச் சந்தை என்று பொழுது போய்விடும். மூன்றாம் நாள் தொலைபேசியில் பேசினால் ஆறியிருந்த மனம் மீண்டும் கலங்குகிறது என்பதால், கைபேசி வேண்டாம் என்ற பள்ளியின் முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. கூடவே செல்வது அவள் அறிந்த ஆசிரியர்கள்தான். அவசரம் என்றால் அவர்களே உங்களை அழைப்பார்கள்.

இப்போதிருந்தே செய்யக்கூடியவை உண்டு. சித்தி வீட்டிலோ மாமி வீட்டிலோ இரண்டு இரவுகள் அவளைத் தங்கவிடுங்கள். அப்போதும் தொலைபேசியில் அழைக்காதீர்கள். ஒரு கடிதம் எழுதி, இரண்டாம் நாள் மாலை கொடுக்கும்படி ஆசிரியையிடம் ஒப்படையுங்கள். "நீ இல்லாமல் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது, அம்மம்மா சாப்பிடவே இல்லை" என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். சந்தையில் என்ன வாங்கினாய், அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

இன்னொன்றையும் கூச்சமின்றிச் சொல்ல விரும்புகிறேன். பதினொரு வயதுப் பெண்பிள்ளை அந்த ஒரு வாரத்துக்குள் பெரியபிள்ளை ஆகிவிடலாம். சடங்கு, உறவினர் என்று நம் வீடுகளில் எழும் பரபரப்பு அவளுக்குத் தெரிந்திருக்கும் என்பதால், அம்மா அருகில் இல்லையே என்று மிரண்டு, யாரிடமும் சொல்லாமல் மறைக்கப் பார்ப்பாள். பையில் நாப்கின்களை வைத்து, பயன்படுத்தும் முறையை விளக்கி, எந்த ஆசிரியையிடம் சொல்லலாம் என்பதையும் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பிரெஞ்சில் நான்கு வாக்கியங்கள்கூட வராது. அங்கே உள்ள பணியாளர்கள் பிரெஞ்சில் மட்டுமே பேசுவார்களாம். மிரண்டு போவானோ?
– ஒரு தந்தை, குரொய்டன்

பதில்: முதல் இரண்டு நாள்கள் அவன் வாயே திறக்காமல் இருக்கலாம்; அதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. புதிய மொழிச் சூழலில் நுழையும் பிள்ளை, பேசுவதற்கு முன் கேட்டுக்கொண்டே இருக்கும் காலம் ஒன்று உண்டு என்று மொழி கற்றலை ஆராய்ந்த ஸ்டீபன் கிராஷன் போன்றோர் விளக்கியிருக்கிறார்கள். பணியாளர்களும் சைகை காட்டி, பொருளைத் தொட்டுக் காட்டி, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் புரியவைப்பார்கள். அம்மம்மா தமிழில் கேட்பதைப் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், முழுதும் பேச வராத மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பழக்கம் அவனுக்கு ஏற்கெனவே உண்டு. கடைக்குள் நுழைந்ததும் முதலில் "போன்ஜூர்" என்று வணக்கம் சொல்ல வேண்டும், சொல்லாமல் பொருள் கேட்பது மரியாதைக் குறைவு என்ற ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புங்கள். திரும்பி வந்ததும் உறவினர் முன் நிறுத்தி, "எங்கே, பிரெஞ்சில் பேசிக் காட்டு" என்று கேட்காதீர்கள். ஒரு வாரத்தில் சரளம் வராது. கேட்கும் காதும் கொஞ்சம் துணிவும் வந்தால் அதுவே போதும்.

கேள்வி: நாங்கள் சைவ உணவுக்காரர்கள். பிள்ளை பட்டினி கிடக்குமா?
– ஒரு வாசகி, மில்டன் கீன்ஸ்

பதில்: கிடக்காது. பிரான்சின் பள்ளி உணவகங்களில் வாரம் ஒரு வேளை இறைச்சியும் மீனும் இல்லாத உணவு வழங்க வேண்டும் என்ற விதி 2019 நவம்பரிலிருந்து இருப்பதால், அந்நாட்டுச் சமையற்காரர்களுக்கு இது புதிதன்று. ஆயினும் "சைவம்" என்று மட்டும் எழுதாமல், இறைச்சி, கோழி, மீன், பன்றிக்கொழுப்பு ஆகிய எதுவும் வேண்டாம் என்று படிவத்தில் தெளிவாக எழுதுங்கள். முட்டை உண்ணலாமா என்பதையும் குறிப்பிடுங்கள். இனிப்புகள் பலவற்றில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு. நோர்மண்டியின் பெருமையான கமம்பேர் பாலாடைக்கட்டியிலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்வது வழக்கம். இவற்றிலும் கண்டிப்பாக இருப்பவர்கள் பிள்ளைக்கே சொல்லிவைப்பது நல்லது.

கேள்வி: எங்கள் மகன் லண்டனில் படித்தாலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறான். பள்ளிக் குழுவோடு போவதால் விசா தேவையில்லை என்கிறார்களே?
– ஒரு தந்தை, ஈஸ்ட் ஹாம்

பதில்: பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்தில், பள்ளி தரும் பயணிகள் பட்டியலில் பெயர் இருந்தாலே போதும் என்ற சலுகை இருந்தது, இப்போது அதை நம்பிப் புறப்பட முடியாது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பொதுவாகச் செங்கன் விசா, அதாவது பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; பதினைந்து நாளுக்கும் குறைவாக இருக்கும்போது விண்ணப்பிக்க முடியாது. நேர்காணல் நாள் கிடைப்பதே கடினமாக இருப்பதால், பள்ளி தேதியை அறிவித்த அதே வாரத்தில் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.