ஓடும்போது ஜில்லென்று இருக்கும் கார் ஏசி, சிக்னலில் நின்றால் மட்டும் சூடாவது ஏன்? மெக்கானிக் கேஸ் போடச் சொல்கிறார், போடலாமா?

கேஸ் போடுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வண்டியை நிழலில் நிறுத்தி, எஞ்சினையும் ஏசியையும் ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். முன்பக்கம் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் சுற்றுகிறதா? இதைப் பார்க்கத் தெரியாமல்தான் போன வருடம் நான் வீண் செலவு செய்தேன்.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பத்து வயது ஹேட்ச்பேக். அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. திண்டிவனத்திலிருந்து சென்னைக்கு வரும் வழியெல்லாம் ஏசி பிரமாதம். பின் சீட்டில் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தார். பரனூர் டோலில் வரிசையில் நின்றபோது குளிர் லேசாகக் குறைந்தது. பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டியதும் சோற்றுப் பானை மூடியைத் திறந்த மாதிரி வெக்கை. வண்டி நகர்ந்து வேகம் எடுத்ததும் மறுபடி ஜில். "நின்னா இதுக்குக் கோவம் வருது போல" என்றார் அம்மா. அவர் சொன்னதுதான் சரியான அறிகுறி என்று எனக்கு அப்போது புரியவில்லை.

முதல் கடையில் பையன் வந்து ஏசி காற்றில் கையை வைத்துப் பார்த்தான். "கேஸ் கம்மியா இருக்கு சார், டாப்-அப் பண்ணிடலாம்." பிரஷர் பார்க்கும் மீட்டர் எதுவும் மாட்டவில்லை. ஒரு கேனைச் செருகினான், 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டான். பைபாஸில் ஓட்டிப் பார்த்தேன், ஐஸ். ஓடும்போது முன்பும் ஐஸ்தான் என்பது அந்தச் சந்தோஷத்தில் எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் சிக்னலில் முன்னைவிடச் சீக்கிரமாகவே சூடானது.

ஏன் அப்படி ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இன்று நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். திறந்த வெளியில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆவியாகும்போது டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், நமக்குக் குளிர் கிடைக்கிறது. அந்தச் சூட்டை எங்காவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டுமே, அந்த இடம்தான் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸர். கம்ப்ரெஸர் கேஸை அழுத்திச் சூடாக்கி அங்கே அனுப்பும். அங்கே சூட்டை இறக்கிவிட்டுத் திரவமாகி, திரும்ப உள்ளே போகும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்ஸரை ஆற்றிவிடும். நின்றால் ஃபேன் மட்டும்தான் கதி. அது சுற்றாவிட்டால் பிரஷர் ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் பிரஷர் சென்ஸர் கம்ப்ரெஸரையே நிறுத்திவிடும். அதன்பிறகு வருவது வெறும் ப்ளோயர் காற்று. இந்த நிலையில் கூடுதலாகக் கேஸை ஏற்றினால் பிரஷர் இன்னும் சீக்கிரம் எகிறும். நான் 1,500 கொடுத்து வாங்கியது அதைத்தான்.

இரண்டாவது கடையில் மீட்டர் இருந்தது. அதில் நீலப் பக்கம் கம்ப்ரெஸருக்குள் வரும் கேஸின் பிரஷரையும், சிவப்புப் பக்கம் அது அழுத்தி வெளியே அனுப்பும் பிரஷரையும் காட்டும். நின்றபடி ஏசி ஓடும்போது நீலப் பக்கம் 60 பிஎஸ்ஐ, சிவப்புப் பக்கம் 300-ஐத் தாண்டிப் போனது. பார்த்துவிட்டு, "கம்ப்ரெஸர் போயிடுச்சு சார், ரீகண்டிஷன் பண்ணதுன்னா 18,000-க்கு முடிச்சுத் தரேன்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். நல்லவேளை. கம்ப்ரெஸர் வலுவிழந்தால் சிவப்புப் பக்கம் ஏறாது, நீலப் பக்கம் இறங்காது. சிவப்பில் 300 ஏறுகிறது என்றால் கம்ப்ரெஸர் பாவம் உயிரைக் கொடுத்து அழுத்துகிறது என்று அர்த்தம். நம் வெயிலுக்கு நீலத்தில் 30, 40, சிவப்பில் 200 முதல் 250 வரை என்பது ஏறக்குறையச் சரியான அளவு. இரண்டும் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் கேஸ் குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் கேஸ் அதிகம், அல்லது கண்டென்ஸர் ஆறவில்லை. என் வண்டியில் அந்த இரண்டுமே இருந்தன.

கண்டுபிடித்தவர் ஏசி மெக்கானிக்கே இல்லை. ஹெட்லைட் பல்பு மாற்றத் தாம்பரம் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன், வயதானவர். பேச்சுவாக்கில் ஏசி கதையைச் சொன்னேன். "போடுங்க தம்பி, பாப்போம்" என்றார். பானெட்டைத் தூக்கிவிட்டு எதையும் தொடாமல் நின்றார். கம்ப்ரெஸரை எஞ்சின் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் டிக் என்று ஒட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு டிக், விட்டுவிட்டது. உள்ளே காற்று சூடானது. ஒரு மக்கில் தண்ணீர் மொண்டு வந்து, கிரில் வழியாகக் கண்டென்ஸர் மேல் நிதானமாக ஊற்றினார். ஆவி குபுகுபுவென்று வந்தது.

"உள்ள காத்து எப்படி வருது?"

"ஜில்லுனு வருதுண்ணே!"

"அப்ப கேஸும் இருக்கு, கம்ப்ரெஸரும் நல்லாருக்கு. ஃபேன்தான் படுத்துருச்சு."

இந்த மக்குத் தண்ணீர் சோதனையை நீங்களும் செய்யலாம், காசு செலவில்லை. சைலன்ஸர் பக்கத்துச் சூடான இரும்பிலும் வயரிங்கிலும் தண்ணீர் படாமல் முன்பக்கமிருந்து மட்டும் ஊற்றுங்கள்.

அப்புறம் ஃபேன் ஏன் சுற்றவில்லை என்று பார்த்தார். ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேயைக் கழற்றிவிட்டு, அதே நம்பர் போட்ட ஹாரன் ரிலேயை அந்த இடத்தில் செருகினார். அப்போதும் சுற்றவில்லை. ஃபேன் சாக்கெட்டைக் கழற்றி டெஸ்ட் லேம்ப் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. கரண்ட் வருகிறது, மோட்டார் வாங்கவில்லை. சாக்கெட்டை மாட்டிவிட்டு ஸ்பானர் காம்பால் மோட்டார் முதுகில் ஒரு தட்டு தட்டினார். சோம்பேறித்தனமாக இரண்டு சுற்று சுற்றி நின்றது. உள்ளே, சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. பிரஷ் மட்டும் மாற்ற முடியாதா என்று கேட்டேன். மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ்ஷும் ஆடுகிறது, மூன்று மாதத்தில் திரும்ப வருவீர்கள் என்றார். சென்னை ஜி.பி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மோட்டார் 1,900 ரூபாய், அவர் கூலி 400.

'ஃபேன் ஓடாவிட்டால் எஞ்சின் சூடாகியிருக்குமே' என்று கேட்பீர்கள். என் வண்டியில் ரேடியேட்டருக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று என இரண்டு ஃபேன். போனது ஏசி ஃபேன் மட்டும். ஒரே ஃபேன் உள்ள வண்டியாக இருந்தால் டெம்பரேச்சர் முள்ளையும் கவனியுங்கள். அது ஏறுகிறது என்றால் பிரச்சினை ஏசியோடு நிற்காது, ஓட்டாதீர்கள்.

ஃபேன் மாற்றியதும் கதை முடியவில்லை. முதல் கடைக்காரன் ஏற்றிய கேஸ் உள்ளேயே இருந்தது. பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 420 கிராம் என்று இருந்தது. மெஷின் வைத்திருக்கும் கடையில் உறிஞ்சி எடுத்துப் பார்த்தால் 530 கிராம்! ஆக, கேஸ் குறையவே இல்லை. அரை மணி நேரம் வேக்கம் போட்டு உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, எடை பார்த்து 420 ஏற்றினார்கள், 1,800 ரூபாய். மெஷின் இல்லாத கடைகளில் வால்வை அழுத்திப் புஸ்ஸென்று வெளியே விட்டுவிடுவார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். புவி வெப்பமாவதில் இந்தக் கேஸ் ஒரு கிலோ, கரியமில வாயு ஏறக்குறைய 1,400 கிலோவுக்குச் சமம்.

சரி, உங்கள் வண்டியில் ஃபேன் நன்றாகச் சுற்றினால்? கண்டென்ஸரில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கிறதா பாருங்கள். தோட்டத்துக் குழாய் வேகத்தில் கழுவினால் போதும், வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டே வைத்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். அதுவும் சுத்தம் என்றால், வண்டி சூடானபின் கம்ப்ரெஸர் கிளட்ச் ஒட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்து இடைவெளி கூடிய கிளட்ச், காலையில் ஒட்டும், சூடேறினால் ஒட்டாது.

உங்கள் மெக்கானிக் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். வண்டி நிற்கும்போது கம்ப்ரெஸர் மெதுவாகச் சுற்றுவதால், கேஸ் குறைவும் சிக்னலில்தான் முதலில் தெரியும். ஆனால் மீட்டர் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் எங்கே போனது என்று கேளுங்கள். கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. ஒரே வருடத்தில் குளிர் போகும் அளவுக்குக் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரிந்தால் பெரும்பாலும் அங்கேதான். வெளியே எதுவும் தெரியாவிட்டால் நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை வைத்துப் பார்ப்பார்கள். கூலிங் காயிலில் ஓட்டை என்றால் பல வண்டிகளில் டாஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும், ஒரு நாள் வேலை. ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் போட்டால் அடுத்த கோடையில் அதே கடை வாசலில் நிற்பீர்கள்.

ஃபேனைப் பார்க்கும்போது கை, துப்பட்டா, ஐடி கார்டு கயிறு எதுவும் அருகில் போக வேண்டாம், எந்த நொடியும் சுற்ற ஆரம்பிக்கும். ஏசி குழாய் எதையும் நீங்களாகக் கழற்றாதீர்கள். வண்டி அணைந்திருந்தாலும் 30 டிகிரி வெயிலில் உள்ளே 100 பிஎஸ்ஐக்கு நெருக்கமாகப் பிரஷர் இருக்கும், தெறிக்கும் திரவம் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

ஃபேன் சுற்றியதா, மக்குத் தண்ணீருக்கு என்ன ஆனது என்பதை வண்டி மாடலோடு கீழே எழுதுங்கள், அடுத்து எதைப் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.