காயலான் கடைப் பாகங்களில் ஒரு டிவிஎஸ் 50 இன்ஜின்: கேள்வி பதில்

ஓசூரில் தயாராகி 1980-ல் வெளிவந்த டிவிஎஸ் 50, பெடல் வைத்த 50 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி. இன்றும் எத்தனையோ வீட்டு வாசலில் துருப்பிடித்து நிற்கிறது. கிடைத்த பாகங்களை வைத்து அந்த இன்ஜினை மறுபடி ஓட்டிப் பார்க்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அண்ணா, ஓடாத இன்ஜின் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். நல்ல பாகங்களைப் பொறுக்கி ஒன்றாக்கலாமா?

தாராளமாகச் செய்யலாம் தம்பி. ஆனால் ஒரு இன்ஜினின் வலது கேசையும் இன்னொன்றின் இடது கேசையும் சேர்க்காதே. கிராங்க் என்ற சுழல் தண்டைத் தாங்கும் கூடான கிராங்க் கேஸின் இரண்டு பாதிகளும் ஜோடியாகவே கடையப்பட்டவை. ஜோடி மாறினால் பேரிங் துளைகள் நேர்கோட்டில் நிற்காது. போல்ட்டை இறுக்கியதும் கிராங்க் கையில் சுற்ற மறுக்கும், கொஞ்ச நாளில் பேரிங் போய்விடும். பேரிங் உட்காரும் இடம் தளராமல், ஸ்டட் மரை தேயாமல், ஒட்டும் முகத்தில் ஸ்க்ரூ டிரைவர் கீறல் இல்லாமல் இருக்கும் ஜோடியைத் தேர்ந்தெடு. ஆர்சி புத்தகத்தில் உள்ள இன்ஜின் நம்பர் எந்தக் கேசில் இருக்கிறதோ, முடிந்தால் அதையே வைத்துக்கொள். வேறு நம்பர் என்றால் ஆர்டிஓவில் பதிவு செய்தாக வேண்டும்.

கிராங்க் நல்லதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். 'டக் டக்' என்று துளி ஆட்டம் தெரிந்தாலும் ராடின் அடி பேரிங் போயிற்று. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். ராட் கிட் மாற்றுவது பிரஸ் உள்ள லேத் பட்டறை வேலை. மாற்றியபின் டயல் கேஜ் வைத்து, சுற்றும்போது கிராங்க் கோணலாக ஆடுகிறதா என்று பார்த்துத் தரச் சொல்லுங்கள். சுத்தியலால் தட்டிச் சேர்க்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். பிஸ்டனுக்கு மட்டும் செலவு செய்து தேய்ந்த கிராங்கின் மேல் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. காசு முதலில் கீழ்ப்பாதிக்குப் போகட்டும். பேரிங் வாங்கும்போது பழையதில் பொறித்த நம்பரோடு சி3 (உள் இடைவெளி கொஞ்சம் கூடியது) என்ற குறியும் இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். பொருத்தும்போது கேசைச் சூடாக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் 'சுர்' என்று ஆவியாகிற சூடு போதும், பேரிங் தானாக இறங்கும்.

பிஸ்டன் ரிங் மட்டும் மாற்றினால் போதுமா, ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) செய்ய வேண்டுமா?

புது ரிங்கைப் போருக்குள் (சிலிண்டரின் உள்துளைக்குள்) விட்டு, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, முனை இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய தகடுகளால் ஆன அளவி) அளந்து பாருங்கள். இந்த அளவு போருக்கு 0.15 முதல் 0.30 மில்லிமீட்டர் வரை சரி. புது ரிங்கிலேயே அதைவிட நிறைய விலகினால் போர் தேய்ந்துவிட்டது. கோடு விழுந்திருந்தாலும் ரீபோர்தான். முதலில் ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுத்து, அதற்கேற்பக் கடையச் சொல்ல வேண்டும்.

பலரும் மறக்கும் ஒன்று உண்டு. கடைந்தபின் சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் துளைகளின் விளிம்புகள் கத்தி மாதிரி நிற்கும். அவற்றை லேசாக மழுக்காவிட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். பிஸ்டனின் அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் இரு முனைகளும் பள்ளத்தில் உள்ள சின்ன ஊசியின் இரு பக்கமும் அமர வேண்டும். பிஸ்டனை ராடோடு கோக்கும் குட்ஜன் பின்னை நழுவாமல் பிடிக்கும் பழைய சர்க்ளிப்பைத் திரும்பப் போடாதீர்கள்.

டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் மொபெட்டின் சிலிண்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. இதில் ஏற்றலாமா?

அது 46 மி.மீ. போரும் 42 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) உள்ள 69.9 சிசி இன்ஜினுக்கானது. ஸ்டட் இடைவெளி, கேஸ் வாய் அகலம், குட்ஜன் பின் தடிமன், ஸ்ட்ரோக் நான்கையும் அளந்து பாருங்கள். ஒன்று ஒத்துவராவிட்டாலும் விட்டுவிடுங்கள். அடி கேஸ்கெட்டை அடுக்கி உயரம் சரிசெய்தால் போர்ட் திறக்கும் நேரமே மாறிவிடும்.

எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்தேன். ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் குறையவே இல்லை.

உடனே நிறுத்துங்கள். எங்கோ காற்று இழுக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலோடு வரும் ஆயிலும் போதாமல் போய் பிஸ்டன் பிடித்துவிடும். முதலில் கார்பரேட்டர் ஸ்லைடும் கேபிளும் சிக்கவில்லையே என்று பாருங்கள். அது சரி என்றால் மேக்னெட் (கரண்ட் தரும் சுழல் காந்தம்) பக்க ஆயில் சீல், கார்பரேட்டர் கேஸ்கெட், அடி கேஸ்கெட் என்று வரிசையாகத் தேடுங்கள். கிளட்ச் பக்கச் சீல் போனால் வேறு அடையாளம்: புகை அடங்காது, கியர் ஆயில் அளவு இறங்கிக்கொண்டே வரும். இன்ஜின் பிரித்திருக்கும்போதே இரண்டு சீலையும் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது.

பிளக்கில் கரண்ட் நன்றாக வருகிறது, ஆனால் ஸ்டார்ட் செய்யும்போது எதிர்ப்பக்கம் உதைக்கிறது.

மேக்னெட்டைக் கழற்றி உள்ளே உள்ள அரைவட்டச் சாவியைப் பாருங்கள். அது வெட்டுப்பட்டு மேக்னெட் நகர்ந்திருந்தால் டைமிங் (பொறி விழும் நேரம்) மாறிவிடும். மேக்னெட்டைக் கழற்றப் புல்லர் (இழுத்தெடுக்கும் கருவி) பயன்படுத்துங்கள். பாயிண்ட் (கரண்டை வெட்டி விடும் தொடுமுனை) உள்ள பழைய மாடலானால் 0.4 மி.மீ. அளவில் இடைவெளி வைத்து அப்புறம் டைமிங் பாருங்கள்.

சைலன்சர் கரியைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கலாமா?

இரும்புச் சைலன்சருக்குச் சரி. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஹெட்டையும் பிஸ்டனையும் அதில் போடாதீர்கள், அலுமினியத்தை அரித்துவிடும்.

சைக்கிளில் இந்த இன்ஜினை மாட்டி ஓட்டினால் லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்களே?

தவறு. மோட்டார் வாகனச் சட்டம் விலக்கு தருவது 25 சிசிக்கு மிகாத இன்ஜினுக்குத்தான். 50 சிசி என்றால் பதிவும் லைசென்சும் தேவை. கியர் இல்லாத 50 சிசி வரை 16 வயதில் லைசென்ஸ் எடுக்கலாம்.

புதிதாகக் கட்டிய இன்ஜினுக்கு ஆயில் எவ்வளவு?

முதல் சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில், அப்புறம் 20 மில்லி. அதிகம் ஊற்றினால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். பிளக் அடைக்கும், கரி சேரும். ஆரம்பத்தில் பாரமோ டபுள்ஸோ வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டவும் வேண்டாம். இன்ஜின் ஒருமுறை சூடாகி நன்றாக ஆறியபின் ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக மறுபடி இறுக்குங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், காபி நிறமாக இருந்தால் கலவை சரி. வெள்ளையாக வெளுத்திருந்தால் ஓட்டாமல் காற்று எங்கே புகுகிறது என்று பாருங்கள், கார்பரேட்டர் ஜெட் அளவையும் சரிபாருங்கள்.