நீட்டில் சாய்ஸ் இல்லை, இனி எப்படிப் படிப்பது?

பிளஸ் டூ, தமிழ் வழியில் படிக்கிறேன். 2023-ல் நீட் எழுதிய அக்காவின் நோட்ஸை வைத்துத்தான் தயாராகிறேன். பிசிக்ஸில் கஷ்டமான சில பாடங்களை விட்டுவிட்டு சாய்ஸில் சமாளித்ததாக அக்கா சொல்கிறார். நானும் அப்படிச் செய்யலாமா?
– ஒரு மாணவி, விருதுநகர்

வேண்டாம்மா. அக்கா சொன்னது அவர் எழுதிய வருஷத்துக்குச் சரி. 2021 முதல் 2024 வரை இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் நான்கிலும் கடைசி 15 கேள்விகளில் 10-க்கு விடையளித்தால் போதும் என்று இருந்தது. 2025-ல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது 180 கேள்விகள், எல்லாமே கட்டாயம். 2023-ல் அக்காவுக்குக் கிடைத்த 3 மணி 20 நிமிடமும் 3 மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. இயற்பியலில் மட்டும் 45 கேள்விகள், 180 மதிப்பெண். அதில் நாலைந்து பாடங்களை மொத்தமாக விட்டால் அந்த இழப்பை ஈடுகட்ட வேறு வழி கிடையாது. கஷ்டமான பாடத்தைக் கரைத்துக் குடிக்க வேண்டாம், ஆனால் சூத்திரத்தை நேரடியாகப் போட்டு விடை காணும் கணக்குகளாவது எல்லாப் பாடத்திலும் வர வேண்டும்.

இன்னொன்று, அந்த நோட்ஸே கொஞ்சம் பழசு. 2024 தேர்விலிருந்து பாடத்திட்டம் மாறியிருக்கிறது. வேதியியலில் உலோகவியல், திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல் எல்லாம் நீட்டில் இல்லை, ஆனால் நம் பிளஸ் டூ புத்தகத்தில் இருக்கின்றன, பொதுத்தேர்வுக்குப் படித்தே ஆக வேண்டும். புதிதாகச் சேர்ந்தது செய்முறைத் திறன்: வெர்னியர், திருகு அளவி, மீட்டர் பிரிட்ஜ் என்று லேபில் செய்கிற சங்கதிகள்தான். ரெக்கார்டு நோட்டை அடுத்தவரைப் பார்த்து எழுதி முடிக்கிற பழக்கம் இருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள்!

நேரத்துக்கு என் யோசனை, உயிரியலின் 90 கேள்விகளையும் ஓ.எம்.ஆர். தாளில் வட்டமிடுவதோடு சேர்த்து 50 நிமிடத்துக்குள் முடித்துப் பழகுங்கள். மீதி 130 நிமிடத்தில் இயற்பியலுக்குத் தாராளமாக நேரம் ஒதுக்கலாம். தமிழில் எழுதினாலும் வினாத்தாளில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும், மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பதால் முக்கியமான கலைச்சொற்களை இரண்டிலும் தெரிந்துகொள்ளுங்கள்.

நெகட்டிவ் மார்க் இருப்பதால் உறுதியாகத் தெரியாத கேள்வியைத் தொடவே கூடாது என்கிறார்கள். சரியா?
– ஒரு மாணவர், தஞ்சாவூர்

பாதிதான் சரி. நீட்டில் சரியான விடைக்கு 4 கிடைக்கும், தவறானால் 1 போகும். நான்கு விடைகளில் இரண்டு நிச்சயமாகத் தவறு என்று தெரிந்து மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால், இப்படி இரண்டு கேள்விகளுக்குச் சராசரியாக 3 மதிப்பெண் சேரும். அதை விட்டுவிட்டு வருவது வீண் பயம். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் கணக்குப்படி நஷ்டம் இல்லை என்றாலும் லாபம் கேள்விக்குக் கால் மதிப்பெண்தான், அன்றைக்கு அதிர்ஷ்டம் எப்படியோ அப்படி. ஜே.இ.இ. மெயினில் எண்ணை டைப் செய்யும் கேள்விகள் வேறு விஷயம். 2025 முதல் அங்கேயும் சாய்ஸ் இல்லை, பாடத்துக்கு 5 கேள்விகளும் கட்டாயம், தவறுக்கு 1 மதிப்பெண் போகும். நான்கு விடைகள் கண் முன்னால் இல்லாதபோது ஊகம் பலிக்க வாய்ப்பே கிடையாது, தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு ரத்தாகிவிட்டதால் இப்போதே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிடலாம் என்கிறார் மகனின் டியூஷன் மாஸ்டர். ஒத்துக்கொள்ளலாமா?
– ஒரு தாய், தருமபுரி

ஒத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. பொதுத்தேர்வுதான் போனது, பாடம் போகவில்லை. நீட்டும் ஜே.இ.இ.யும் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன. இயக்கவியல், வெப்ப இயக்கவியல், மனித உடற்செயலியல், கரிம வேதியியலின் அடிப்படை எல்லாமே பிளஸ் ஒன்னில்தான் இருக்கின்றன. அவன் பொறியியல் கலந்தாய்வுக்கு மட்டும் போவதாக வைத்துக்கொள்ளுங்கள், அங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குத்தான் கட்-ஆஃப். அதற்குக்கூட நுண்கணிதத்தின் ஆரம்பம் பிளஸ் ஒன் புத்தகத்தில் இருக்கிறது, அது வராமல் பிளஸ் டூ கணக்கு ஓடாது. மாஸ்டருக்கு அவசரம் இருக்கலாம், உங்களுக்கு வேண்டாம்.

திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர கியூட் எழுத வேண்டும். எத்தனை பாடம் எடுக்கலாம்?
– ஒரு மாணவர், மன்னார்குடி

2025 விதிப்படி அதிகபட்சம் 5. ஒவ்வொன்றிலும் 50 கேள்விகள், 60 நிமிடம், எல்லாம் கட்டாயம், சரிக்கு 5, தவறுக்கு 1 கழிவு. ஐந்தையும் நிரப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை, நீங்கள் கேட்கிற படிப்புக்கு எந்தப் பாடங்கள் தேவை என்று பல்கலைக்கழகத்தின் அறிவிப்பில் பார்த்துவிட்டுத் தேர்வு செய்யுங்கள். தேர்வு முழுக்கக் கணினியில்தான், அதனால் மாதிரித் தேர்வையும் பேப்பரில் எழுதாமல் கணினியிலேயே எழுதுங்கள், மொபைலில் வேண்டாம்.